சுடலைச்செல்விக்குப் பதினைந்து

திரையில் சங்கு குளிக்கிறவர் மணலில் உட்கார்ந்து, இனிமேல் ஏன் தண்ணீருக்குள் இறங்கமாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். உதடு அசைந்தது. கேட்டது காற்று மட்டும். நான்கு நிமிடம் அப்படியே ஓடியது.

"நிறுத்து" என்றாள் கல்லூரியின் காட்சித் தொடர்பியல் துறை ஆசிரியை ஜெபசுதா.

மாணவர்களில் படத்தை வெட்டி ஒட்டிய கமலினி மடிக்கணினியைத் தட்டினாள். படத்தை இயக்கி, கேமராவும் பிடித்த கேஷவ் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தான். ஒலி பதிவு செய்த சுடலைச்செல்வி சுவரோரம் நின்றாள். இரண்டு முறை சொல்லியும் உட்காரவில்லை.

"இந்த ஆளு என்ன சொல்லுதாரு?"

"ஏளா, மேடம் கேக்காங்கல்லா. மைக்க நீதான புடிச்ச?" என்றான் கேஷவ்.

"பூன இல்ல மேடம்" என்றாள் சுடலைச்செல்வி. "அலமாரி பூராவும் தேடிட்டேன். கடைசில எங்க அக்கா மவன் குல்லாவ மைக்குல மாட்டிட்டுதான் எடுத்தேன்."

"குல்லாவப் பாத்து காத்து பயந்து ஓடிருமோ?" என்றான் கேஷவ்.

கமலினி சிரித்தாள். ஜெபசுதா சிரிக்கவில்லை.

மைக்கின் மேல் போர்த்தும் ரோம உறையைத்தான் அந்தத் துறையில் எல்லோரும் பூனை என்பார்கள். அதைப் போர்த்தாமல் கடற்கரையில் ஒரு வார்த்தை பதிய முடியாது. துறையிடம் இருந்தது ஒன்றே ஒன்று. அது எங்கே இருக்கிறது என்று அந்த நிமிடம் ஜெபசுதாவுக்கு ஞாபகம் வந்தது. கீழே நிற்கும் அவளுடைய ஸ்கூட்டரில், சீட்டுக்கு அடியில், மழைக்கோட்டுக்குள்.

ஈஸ்டர் அன்று விடியற்காலை ஆராதனையைச் சபையார் கடற்கரையில் வைத்திருந்தார்கள். பாடகர் குழுவைப் பதிவு செய்ய வேண்டும் என்று சனிக்கிழமை அதை எடுத்துப்போனாள். பதிவேட்டில் எழுதவில்லை. கையெழுத்துப் போடாமல் ஒரு ஒயர்கூட வெளியே போகக் கூடாது என்று அலமாரிக் கதவில் எழுதி ஒட்டியவளும் அவள்தான்.

"இல்லன்னா எங்கிட்ட கேட்டிருக்கலாம்ல?" குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

"திங்கக்கெழம போன் பண்ணுனேன் மேடம். நல்லாத் தேடிப் பாருன்னு சொன்னீங்க."

சொன்னதுதான். அப்போது நிஜமாகவே மறந்திருந்தாள். அன்று சாயங்காலம் ஸ்கூட்டரைத் திறந்தபோது கண்ணில் பட்டது. நாளைக்குக் கொண்டுபோகலாம் என்று மூடினாள். மறுநாள் அவள் விடுப்பு எடுத்தாள், அதோடு மறுபடி மறந்துபோயிற்று. அதே நாளில்தான் பிள்ளைகள் கடற்கரையில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

இப்போது ஒரு வாக்கியம் சொன்னால் போதும். மூன்று பேரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள்.

"சரி. சீட்டு எழுதிப் போட்டுட்டுப் போங்க" என்றாள்.

யார் எவ்வளவு வேலை செய்தார்கள் என்று ஆளாளுக்கு மற்ற இருவருக்கும் பத்துக்கு மார்க் போட்டு, மடித்து, காலி மக்ரூன் இனிப்பு டப்பாவில் போட வேண்டும். அதில் இருபது, ஆசிரியர் கையில் முப்பது. மொத்தம் ஐம்பதுக்கு இருபது எடுத்தால் தேர்ச்சி. இல்லாவிட்டால் அடுத்த வருஷம் ஜூனியர்களோடு சேர்ந்து இன்னொரு படம் எடுக்க வேண்டும். சுடலைச்செல்விக்கு ஜூன் மாதம் சென்னையில் டப்பிங் ஸ்டூடியோவில் வேலை சொல்லியிருந்தார்கள். அந்தக் கடிதத்தை அவள் முதலில் கொண்டுவந்து காட்டியது ஜெபசுதாவிடம்தான்.

பிள்ளைகள் போன பிறகு டப்பாவைத் திறந்தாள். கேஷவ் சுடலைச்செல்விக்கு இரண்டு போட்டிருந்தான். கமலினி மூன்று. படத்தை முன்பே ஒரு தடவை போட்டுப் பார்த்துவிட்டு, ஜெபசுதா தன் கணக்கில் பென்சிலால் எட்டு எழுதி, பக்கத்தில் 'கவனக்குறைவு' என்றும் எழுதி வைத்திருந்தாள். மொத்தம் பதின்மூன்று.

சுடலைச்செல்வியின் சீட்டில் மற்ற இருவருக்கும் ஒன்பது ஒன்பது. கீழே, யாரும் எழுதாமல் விடும் குறிப்புப் பகுதியில், 'காற்றைத் தடுக்க முடியவில்லை. படம் என்னால் கெட்டது' என்று இருந்தது.

நாசரேத்தில் வாத்தியார் வீட்டில் பிறந்தவள் ஜெபசுதா. பதினாறு வருஷ வேலையில் அவள் போட்ட மார்க்கை எதிர்த்து ஒருவரும் மனுக் கொடுத்ததில்லை. அவள் அதைச் சொல்லிக்கொள்வதும் உண்டு. பென்சில் எழுத்தை அழித்தாள். காகிதம் லேசாகக் கிழிந்தது. என்ன போடுவது என்று தெரியாமல் மார்க் பட்டியலை அப்படியே மேசைக்குள் வைத்துப் பூட்டினாள்.

மில்லர்புரத்தில் வீட்டு வாசலில் நின்று ஸ்கூட்டர் சீட்டைத் தூக்கினாள். பூனையின் ரோமத்தில் மணல் ஒட்டியிருந்தது. உதறினாள். முழுதும் போகவில்லை.

உள்ளே அவள் கணவர் சத்தியராஜ் கைபேசியில் ஈஸ்டர் பாட்டைத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தார்.

"சபை குரூப்ல எல்லாரும் உன்னத்தான் சொல்லுதாவ. கடற்கரையில எடுத்ததுன்னே தெரியல, ஒரு பொட்டுக் காத்து இல்லையே."

"அத நிறுத்துங்க" என்றாள்.

மறுநாள் எட்டேகாலுக்கே கல்லூரிக்குப் போனாள். துறையில் யாரும் இல்லை. அலமாரியைத் திறந்து, கீழ்த்தட்டில் பழைய கேபிள்களுக்குப் பின்னால் பூனையை வைத்தாள். பிறகு பட்டியலை எடுத்து, சுடலைச்செல்வி பெயருக்கு நேரே முப்பதுக்குப் பதினைந்து என்று மையால் எழுதினாள். மொத்தம் இருபது. பேச்சே கேட்காத படத்துக்கு அதற்கு மேல் போட்டால் காரணம் எழுத வேண்டியிருக்கும்.

பதினொரு மணிக்குச் சுடலைச்செல்வி மைக்கையும் ரெக்கார்டரையும் திருப்பி வைக்க வந்தாள். கேபிளைச் சுருட்டி வைக்கக் குனிந்தவள் அப்படியே நின்றாள்.

"மேடம், பூன இங்கனதான் இருக்கு. நாந்தான் சரியாப் பாக்கல. மன்னிச்சிருங்க மேடம்."

"சரி, கையெழுத்துப் போட்டுட்டுப் போ."

போட்டுவிட்டுப் போனாள். மூன்றரைக்குப் பட்டியல் அலுவலகத்துக்குப் போயிற்று. சாயங்காலம் பாடகர் குழுவுக்குப் பயிற்சி இருந்தது. ஜெபசுதா போனாள்.