நேர்ச்சைச் சேவலின் கொண்டை

பத்து வயதில் நான் ஒரு சேவலின் கொண்டையைச் சவர பிளேடால் அறுத்தேன். அது சாமிக்கு நேர்ந்துவிட்ட சேவல். கோபத்திலோ விளையாட்டிலோ செய்ததல்ல. இரண்டு நாள் யோசித்துச் செய்தேன். பிறகு அதை மறைக்க ஒரு பொய் சொன்னேன். அறுத்ததைவிடப் பெரிய குற்றம் அந்தப் பொய்தான். அதனால் என் சித்தி எங்கள் வீட்டைவிட்டுப் போகவேண்டி வந்தது.

மலையாளத்து ஆரியசாலைக் கடைத்தெருவில் எங்களுக்கு அரிசி, பருப்பு மொத்தக் கடை. முன்னால் கடை, அதை ஒட்டி வீடு, வீட்டுக்குப் பின்னால் கிழிந்த சாக்குகளைக் குவித்துவைக்கும் ஒரு துண்டு இடம். அப்பாவின் தம்பியைக் கல்யாணம் செய்துகொண்டு வித்துராவிலிருந்து வந்த சித்தி, ஆறாம் மாதமே சாக்குகளை ஒதுக்கிவிட்டு இரண்டு கோழிகளைக் கொண்டுவந்து விட்டாள். மொத்த வியாபாரியின் வீட்டில் கோழி கொக்கரிப்பது கௌரவக் குறைச்சல் என்பது அப்பாவின் எண்ணம். கடையில் சலித்துக் கழித்த நொய் முட்டையாகி அவருடைய தட்டுக்கு வரத் தொடங்கியதும் அந்த எண்ணத்தை அவர் வெளியே சொல்வதை நிறுத்திக்கொண்டார்.

நாலு வருடத்தில் பதினோரு கோழிகள், ஒரு வெள்ளாடு, நீந்த இடமில்லாமல் துணி துவைக்கும் கல்லைச் சுற்றியே நடந்துகொண்டிருந்த இரண்டு வாத்துகள் என்று பின்பக்கம் நிறைந்துவிட்டது. நான் சித்தியின் உதவியாள். அடைவைத்த முட்டைகளில் கரியால் கோடு போடுவது, காலையில் ஒவ்வொரு கோழியாகத் தூக்கி வயிற்றைத் தொட்டுப் பார்த்து இன்று எது முட்டையிடும் என்று சொல்வது எல்லாம் என் வேலை. பெரும்பாலும் சரியாகச் சொல்வேன். பள்ளிக்கூடத்தில் எனக்கு அப்படியொரு மதிப்பு கிடைத்ததில்லை.

சித்திக்குக் கல்யாணமாகி ஐந்து வருடமாகியும் குழந்தை இல்லை. திருநெல்வேலிப் பக்கம் எங்கள் குலதெய்வத்துக்குச் சித்திரையில் கொடைத் திருவிழா நடக்கும். அந்தக் கொடைக்கு ஒரு செவலைச் சேவல் தருவதாக அவள் நேர்ந்துகொண்டாள். எங்கள் குடும்பத்தில் இதற்கு முறை உண்டு. சேவலை விலைக்கு வாங்கக்கூடாது. நேர்ந்தவளே குஞ்சிலிருந்து வளர்க்க வேண்டும். கொண்டை, நகம், வால் இறகு எதிலும் ஒரு குறை இருக்கக்கூடாது. குறைப்பட்டதைச் சாமி ஏற்காது.

தனக்கிருந்த சலுகை அந்தச் சேவலுக்குத் தெரிந்திருந்தது என்றே நினைக்கிறேன். கடைக்குள் போய்த் துவரம்பருப்பு மூட்டைமேல் ஏறி நிற்கும். யாரும் கை ஓங்க முடியாது. எனக்குக் கணக்குச் சொல்லித்தர வந்த வாத்தியாரின் காலைக் கொத்தியது. அவர் மலையாளத்தில் எதையோ சொல்ல வாயெடுத்து, சாமிக்கு நேர்ந்தது என்று கேட்டதும் அதைக் கும்பிட்டுவிட்டுப் போனார். இரவில் அதற்கு மட்டும் தனிப் பஞ்சாரம். மூங்கில் பிளாச்சால் முடைந்த அந்தக் கூடையைக் கவிழ்த்து, மேலே அம்மிக்குழவியை வைப்பாள் சித்தி. காலையில் குழவியை இறக்கிப் பஞ்சாரத்தைத் தூக்குவது நான்.

சேவலை வெட்டப்போகிறார்களே என்ற இரக்கத்தில் அறுத்தேன் என்று நெடுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது உண்மையில்லை. கொடைக்கு ஒரு வாரம் இருக்கும்போது, சித்தி எனக்குத் தலைவாரி விடுவதைப் பார்த்துக்கொண்டே அம்மா சொன்னாள்.

“நல்லா அனுபவிச்சுக்கோடே. அவளுக்குன்னு ஒண்ணு பொறந்துட்டா உன்ன யாரு திரும்பிப் பாக்கா?”

சித்தி சிரித்தாள். “பாக்க மாட்டேன், கேட்டியா மோனே. நீ போய்க் கடையில மூட்டை தூக்கு.”

இரண்டு பேரும் வேடிக்கையாகத்தான் பேசினார்கள். நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. சேவல் சாமிக்குப் போனால் குழந்தை வரும்; குழந்தை வந்தால் நான் போவேன். பத்து வயதுக்கு அது தெளிவான கணக்கு.

மூன்றாம் நாள் விடிகிற நேரத்தில் அப்பாவின் பிளேடை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். சேவல் என் மடியில் பழகியது. தூக்கியபோது சும்மா இருந்தது. கொண்டையின் நடு முனையை அறுத்தேன். நினைத்ததைவிட அதிகமாக ரத்தம் வந்தது. அடுப்புச் சாம்பலை வைத்து அழுத்தினேன். மறுபடி பஞ்சாரத்தைக் கவிழ்த்துக் குழவியை ஏற்றிவைத்தேன். கையைக் கழுவி, பிளேடைச் சாக்கடையில் போட்டுவிட்டு, சித்தியை எழுப்பினேன்.

அவள் சேவலைக் கையில் எடுத்துக் கொண்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள்.

“பஞ்சாரம் வெலகி இருந்துதா?”

“இல்ல சித்தி. மூடினபடியே இருந்துது. கொழவியும் மேல இருந்துது. நான் தூக்கும்போதே இப்படித்தான்.”

யாரும் உள்ளே நுழைந்திருக்க முடியாது என்று சொன்னால் யார்மேலும் சந்தேகம் வராது. அதாவது என்மேலும் வராது. அதற்காக அந்தப் பொய்யை அவ்வளவு கவனமாகச் செய்தேன். எங்களைக் கொடைக்கு அழைத்துப்போக ஊரிலிருந்து வந்திருந்த பெரிய அத்தை, அப்பாவின் அக்கா, பல் தேய்த்துக்கொண்டே வந்து எல்லாவற்றையும் கேட்டாள். பஞ்சாரத்தைச் சுற்றிவந்து பார்த்தாள். குழவியைத் தொட்டுப் பார்த்தாள்.

“மூடி வச்ச பஞ்சாரத்துக்குள்ள மனுசன் நொழய முடியுமா, பூனை நொழய முடியுமா? இவ கையால தாரது சாமிக்கு வேண்டாம்னு இருக்கு. நாம என்னத்துக்கு அடம்பிடிக்கணும்?”

அவள் கோபமாகப் பேசவில்லை. வானம் மூட்டமாக இருக்கிறது என்பதுபோலச் சொன்னாள். அப்பா தலையாட்டினார். சித்தப்பா சட்டையை மாட்டிக்கொண்டு கடையைத் திறக்கப் போனார். சித்தி மட்டும், “எலி கடிச்சிருக்கும் மயினி, எலிக்கு இடுக்கு போதும்லா?” என்றாள். அத்தை சிரித்தாள். “எலி கடிச்சா பல்லுத்தடம் தெரியாதாம்மா? இது வெட்டினாப்புல இருக்கு.” அம்மாவும் கூடச் சிரித்தாள்.

அந்த வருடக் கொடைக்குச் சித்தியை அழைத்துப்போகவில்லை. திரும்பி வந்த பிறகு அந்தப் பேச்சு வளர்ந்தது. அவளுக்கு இனிமேல் குழந்தை இல்லை என்று தெய்வமே சொல்லிவிட்டதாக எங்கள் உறவினர்களுக்குள் முடிவாகிவிட்டது. ஆடி மாதம், கொஞ்சநாள் பிறந்த வீட்டுக்குப் போய் இருந்துவிட்டு வா என்று வித்துராவுக்கு அனுப்பினார்கள். வெட்டவும் முடியாது, சமைக்கவும் கூடாது என்பதால் யாருக்கும் வேண்டாமலிருந்த சேவலை அவள் ஒரு துணிப்பைக்குள் தலை வெளியே தெரியும்படி வைத்து எடுத்துக்கொண்டாள். பஸ் நிற்குமிடத்தில் நான் அழுதேன். “அழாத மோனே, ஓணத்துக்கு வந்திருவேன். கோழிக்குத் தண்ணி மாத்து” என்றாள்.

ஓணத்துக்கு யாரும் அவளைக் கூப்பிடப் போகவில்லை. மறு வருடம் சித்தப்பா வேறு கல்யாணம் செய்துகொண்டார். புதுச் சித்தி கோழி வளர்க்கவில்லை. சாக்குகள் பழைய இடத்துக்கே வந்தன.

நான் படித்தேன், கல்லூரியில் வேலை பார்த்தேன், ஓய்வும் பெற்றேன். சொல்லச் சந்தர்ப்பம் கிடைக்கவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். சந்தர்ப்பம் எத்தனையோ வந்தது. பெரிய அத்தை செத்தாள், அப்பா, அம்மா, சித்தப்பா எல்லோரும் போனார்கள். அதைக் கேட்டு வெட்கப்படவேண்டிய பெரியவர்கள் ஒருவருமில்லை என்றான பிறகுதான், போன வருடம் வித்துராவுக்குப் பஸ் ஏறினேன்.

சித்திக்கு எண்பதுக்கு மேல். தன் தம்பி வீட்டை ஒட்டிய ஓட்டுக் கட்டடத்தில் தனியாக இருக்கிறாள். பின்னால் கோழிகள், நாலு ஆடுகள். சந்தையில் அவளுடைய குஞ்சுகளுக்கு நல்ல பெயர் என்று வழிகாட்டிய ஆட்டோக்காரர் சொன்னார். அவள் கீரையை நறுக்கிக் கோழிகளுக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஏன் செய்தேன் என்பதையும் சொன்னேன். அவள் நறுக்குவதை நிறுத்தவில்லை.

“உங்க அத்தைதான் அறுத்தான்னு நெனச்சிருந்தேன். அவ செத்த செய்தி வந்தப்பகூட நான் போகல்ல. அதும் இனி உன் தலையிலதான்.”

“ஆமா சித்தி.”

“பூனைன்னு ஏண்டா சொல்லல?”

நான் கீரைக் கட்டைப் பிரித்து அவள் பக்கம் நகர்த்தினேன்.

“பூனைன்னு சொல்லியிருந்தா, அடுத்த கொடைக்கு இன்னொரு குஞ்சு வளத்திருப்பேன். அவ்வளவுதானே.”

மன்னிக்க வேண்டும் என்று கேட்டேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? சாமி பிளேடு வச்சு அறுக்காதுன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். தெரியாதவங்க இருக்காங்கல்லா, அங்க போய்ச் சொல்லு. கொடையில, எல்லாரும் இருக்கும்போது.”

இந்தச் சித்திரையில் போனேன். படையலுக்குப் பிறகு எல்லோரும் பந்தலில் உட்கார்ந்திருந்தபோது எழுந்து நின்றேன். ஐம்பது பேருக்குமேல் இருப்பார்கள். கல்லூரியில் பேசிய பழக்கம்; குரல் நடுங்கவில்லை. சேவல், பிளேடு, பஞ்சாரம், பொய், சித்திக்குக் குழந்தை பிறக்கக்கூடாது என்று நான் நினைத்தது, எதையும் விடவில்லை. வாத்தியார் சேவலைக் கும்பிட்ட இடத்துக்குக் கதை வந்தபோது சிரிக்க ஆரம்பித்தார்கள். பிறகு அவர்கள் நிறுத்தவேயில்லை.

“சின்ன வயசுலேயே என்னா மூளை, பாத்தியளா” என்றார் ஒருவர். பெரிய அத்தையின் பேரன் என் தோளில் கைபோட்டு, “சித்தி மேல அவ்வளவு பாசம் மாமாவுக்கு” என்றான். ஒரு பெண் முதலிலிருந்து இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள்; ஃபோனில் பிடித்துக் குடும்பக் குழுவில் போடுவதற்காம்.

அங்கிருந்தே வித்துராவுக்கு ஃபோன் செய்தேன்.

“சொன்னியா?”

“சொன்னேன் சித்தி. எல்லாத்தையும் சொன்னேன்.”

“என்ன சொன்னாவ?”

“சிரிச்சாங்க.”

அந்தப் பக்கத்தில் ஆடு கத்துவது கேட்டது. பிறகு, “அந்தச் சித்தி இப்ப எங்க இருக்கான்னு ஒருத்தராவது கேட்டாவளா?” என்றாள்.

பந்தலில் இருந்த முகங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். யாரும் கேட்கவில்லை.

“இல்ல சித்தி.”

“சரி, வை. ஆட்டுக்குத் தண்ணி காட்டணும்.”

அதற்குப் பிறகு மாதம் ஒருமுறை வித்துராவுக்குப் போகிறேன். வரவேண்டாம் என்று அவள் சொல்லவில்லை; மன்னித்துவிட்டதாகவும் சொல்லவில்லை. பஞ்சாரத்தின் மேல் குழவியை ஏற்றிவைத்த அந்தக் காலையில் எனக்கு இருந்த பயமெல்லாம் ஒன்றுதான்: உண்மை தெரிந்தால் அடித்துக் கொன்றுவிடுவார்கள். தாமதமாகச் சொன்னால் அடிக்க ஆளில்லாமல் போகும் என்பது அந்த வயதில் தெரியவில்லை.