மெரோபெனம் ஆறு

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே, ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்க்கிற கல்ச்சர் பாட்டிலை ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுபோய்த் திட்டு வாங்கினேன். திண்டிவனம் நர்சிங் ஹோமில் எடுக்கும் ரத்தத்தை விழுப்புரம் லேப்பில் சேர்ப்பதுதான் வேலை.

"இன்னாண்ணா இது, மீன் பெட்டியா? ஐஸ்ல வச்சிக்கினு வந்துருக்கீங்க. உள்ள இருக்கிற கிருமி வளரணும், வெறைக்கக் கூடாது" என்றார் டெக்னீஷியன் செல்வி.

எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். 93இல் லாரி கிளீனர். பிறகு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மில்லில் மூட்டை தூக்கினேன். எங்கும் இரண்டு வருடம் தாண்டியதில்லை. இது பஸ்ஸில் திரிகிற வேலை, ஒத்துவந்தது.

லேப்பில் அப்போது புதிதாக ஒரு டெஸ்ட் வந்திருந்தது. ரத்தத்தில் பரவிய கிருமிக்கு மருந்து வேலை செய்யுமா என்று தெரிய முன்பெல்லாம் நாள்கணக்காகும். இதில், பாட்டிலில் கிருமி வளர்ந்துவிட்டால் இரண்டு மணி நேரம் போதும். சிவப்புத் தண்ணீர் உள்ள சின்ன டியூபில் மருந்தையும் கிருமியையும் சேர்ப்பார்கள். மஞ்சளாக மாறினால் கிருமி மருந்தை உடைத்துவிட்டது என்று பொருள்.

ஒரு நாள் மரக்காணம் பக்கத்து மீனவப் பெண்ணின் பாட்டில். பிரசவமாகி நான்காம் நாள். மெரோபெனம் என்கிற பெரிய மருந்து ஏற்றியும் காய்ச்சல் தணியவில்லை, பிரஷர் இறங்கிக்கொண்டே இருந்தது. அவள் கணவர் வாசலிலேயே நின்றிருந்தார். "ஜல்தியா போய்ட்டு வாண்ணா" என்றார்.

மறுநாள் காலை லேப்பில் கிருமி வளர்ந்திருந்தது. டியூபைப் போட்டுவிட்டு, "உக்காருங்கண்ணா, ரிசல்ட் பேப்பரைக் கையோட தரேன்" என்றார் செல்வி. நான் உட்காருகிற ஆளா? ஒரு மணி நேரம் இங்குமங்கும் நடந்தேன். டியூப் ஆரஞ்சாகத் தெரிந்தது. "போன்ல சொல்லுங்க மேடம்" என்று பஸ் ஏறிவிட்டேன்.

விக்கிரவாண்டி தாண்டும்போது போன் வந்தது. ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது.

"டாக்டர் போன் எடுக்கல. சிஸ்டர்கிட்ட சொல்லிடுங்கண்ணா. மெரோபெனம் ஆறு."

சிஸ்டருக்கு அப்படியே சொன்னேன்.

"ஆறா? எட்டு மணி நேரத்துக்கு ஒண்ணு போய்க்கினு இருக்கு. ஆறா மாத்தணுமா? டாக்டர் ஆபரேஷன் தியேட்டர்ல இருக்காரு, வந்ததும் கேட்டுக்கினு போடறேன்."

போனை வைத்ததும் உறுத்தியது. ஆரஞ்சு, மஞ்சளை நோக்கிப் போகிற நிறம். தோற்ற மருந்தையே அதிகம் போடச் சொல்வார்களா? செல்வியை அழைத்தேன்.

"மஞ்சளா, சிவப்பா? அத்த மட்டும் சொல்லுங்க மேடம்."

"பளிச்சினு மஞ்சள். அதான் 'ஆர்'னு சொன்னேனே, ரெசிஸ்டன்ட், மருந்து கேக்காதுன்னு!"

"எனக்கு ஆறுன்னு உழுந்துச்சி."

"அய்யய்யோ! எண்ணு இல்லண்ணா, இங்கிலீஷ் எழுத்து!"

அதன்பின் சிஸ்டர் லைன் கிடைக்கவேயில்லை. திண்டிவனம் மேம்பாலத்துக்குக் கீழே இறங்கி நர்சிங் ஹோமுக்கு ஓடினேன். டாக்டர் தியேட்டரிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தார். சிஸ்டர் கேஸ் ஷீட்டை நீட்டி, "லேப்ல ஆறு மணி நேரத்துக்கு ஒருக்கா போடச் சொல்றாங்க சார்" என்று ஆரம்பித்தார்.

"இல்ல சார், அந்த மருந்து கேக்காது!" என்று கத்தினேன்.

டாக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். லேப்புக்கு அவரே போன் போட்டுக் கேட்டார். அங்கேயே நின்று வேறு மருந்து எழுதினார்.

வாசலில் கணவர் என் சட்டையைப் பிடித்தார். "கேக்காதுன்னியே, வேற எதுதாண்ணா கேக்கும்?"

"வேற மருந்து மாட்டிட்டாங்க. உக்காருப்பா."

இருவருமே உட்காரவில்லை.

மூன்றாம் நாள் பிரஷர் இறங்குவது நின்றது, காய்ச்சலும் தணிந்தது. அடுத்த வாரம் அவள் குழந்தையோடு மரக்காணம் பஸ் ஏறினாள்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். டியூப் இரண்டு மணி நேரத்தில் சொன்னதை என் காது ஒரு நொடியில் கெடுத்தது. போனில் எழுத்தைச் சொல்லாதீர்கள். 'கேக்கும்', 'கேக்காது' என்று சொல்லுங்கள். எதிரில் இருப்பவர் திருப்பிச் சொன்ன பிறகே போனை வையுங்கள். முடிந்தால் பேப்பர் வரும்வரை காத்திருங்கள்.

அந்த லேப்புக்கு அதன்பின் ஆறு வருடம் போய்வந்தேன். இது நிஜமாகவே ஆறு. பேப்பர் வரும்வரை ஸ்டூலில் உட்கார்ந்திருப்பேன். கால் மட்டும் ஆடிக்கொண்டே இருக்கும்.