மான் இருக்கு, மாமி இல்லை

எங்கள் ஜௌபர் மாமாவிடம் முன்பு இரண்டு வேன்கள் இருந்தன. இப்போது ஒரு வேனும் ஒரு கேமராவும் இருக்கின்றன. கணக்குப் பாடத்தில் இரண்டு தடவை விழுந்து பள்ளிக்கூடத்துக்கு ஸலாம் சொன்ன எனக்கே இந்தக் கணக்கு உடனே விளங்கிவிட்டது. மாமாவுக்குத்தான் இன்னும் விளங்கவில்லை.

கேமரா என்றதும் கல்யாண வீட்டில் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு திரிவார்களே, அதை நினைக்க வேண்டாம். இது அதற்கு மூத்தாப்பா. ‘மீடியம் ஃபோர்மட்’ என்பார் மாமா. மற்றக் கேமராவுக்குள் படம் விழுகிற தகடு முத்திரை அளவு என்றால், இதற்குள் இருப்பது நெருப்புப்பெட்டி அளவு. அதனால் படத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாது. தூரத்துப் பனைமரம் ஒன்றை எடுத்துவிட்டுக் கம்பியூட்டரில் பெரிதாக்கிக்கொண்டே போனால், ஓலையில் இருக்கிற ஓணான் உங்களைத் திரும்பிப் பார்க்கும்.

இதை வாங்கி வந்த அன்று, எத்தாளைச் சந்தியில் கடை வைத்திருக்கும் சாஹுல் ஹமீது நானா பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“வேன் விலைக்கு வாங்கின சாமான். ஒரு ஹோர்ன் கூட இல்லையே ஜௌபர்?”

“ஹோர்ன் அடிச்சாப் படம் ஆடும் நானா” என்றார் மாமா, முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

மாமா சண்டைக் காலம் முழுக்கக் கருவாட்டு லொறி ஓடியவர். கற்பிட்டியிலிருந்து போகாத ஊர் இல்லை. ஆனால் பார்த்த ஊர் ஒன்றும் இல்லை. பார்த்ததெல்லாம் தார் ரோட்டும், சோதனைச் சாவடியும், அதற்கு முன்னால் நிற்கிற வரிசையும்தான். கருவாட்டை இறக்கு, ஏற்று, திரும்பவும் இறக்கு. அப்போது கையில் கேமரா இருந்திருந்தால் கருவாட்டோடு மாமாவையும் சேர்த்து இறக்கியிருப்பார்கள். சண்டை முடிந்து ரோட்டெல்லாம் திறந்தபோது மாமாவுக்கு ஓர் ஆசை வந்தது: தான் ஓடிய இடங்களை ஒருமுறையாவது வரிசை இல்லாமல், ஆளே இல்லாமல் பார்க்க வேண்டும். பார்த்ததைப் படமாக்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆளே இல்லாமல். தொல்லை தொடங்கியது இந்த இரண்டு சொல்லில்தான்.

மாமா படம் எடுக்கிற விதத்தைச் சொல்ல வேண்டும். முதலில் முக்காலியை ஊன்றுவார். காற்றில் ஆடாமல் இருக்க அதன் நடுவில் ஒரு மணல் பையைக் கட்டுவார். பிறகு நீலத் துவாயைத் தலையில் போர்த்திக்கொண்டு கேமராவின் திரைக்குள் முகத்தைப் புதைப்பார். தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது காணி அளக்கிற ஆள் மாதிரியே இருக்கும். எங்கள் கரையில் ஹோட்டல்காரர்கள் காணி தேடித் திரிகிற காலம் வேறு. ஒருநாள் எத்தாளைத் தோட்டப் பக்கம் மாமா முக்காலியை ஊன்றினார். வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற ஒருவர், “தம்பி, ஹோட்டலுக்கா அளக்கிறீங்க?” என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். நான் வாயால் ஒன்றும் சொல்லவில்லை. தலையை மட்டும் கொஞ்சம் ஆட்டினேன். மாமா துவாயை எடுத்துப் பார்க்கும்போது எதிரே இருந்த வேலி இரண்டு முழம் முன்னால் வந்திருந்தது. ஒரு பெண் காணி உறுதிக் கடதாசியும் அவித்த முட்டையும் கொண்டுவந்து நின்றாள். முட்டையை நான் சாப்பிட்டேன். மாமா, “இந்த வேலி முந்தி இங்கயா இருந்திச்சு?” என்று அன்று முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆளை இல்லாமலாக்க மாமாவிடம் ஒரு வித்தை இருந்தது. கேமராவின் கண்ணில் கறுப்புக் கண்ணாடி ஒன்றை மாட்டுவார். வெளிச்சம் சொட்டுச் சொட்டாகத்தான் உள்ளே போகும். கண்ணைத் திறந்துவிட்டு, ஃபிளாஸ்க் மூடியில் தேத்தண்ணி ஊற்றி வைப்பார். தேத்தண்ணி குடிக்கிற பதத்துக்கு ஆறியதும் கண்ணை மூடுவார். அவ்வளவுதான். அந்த நேரத்துக்குள் நடந்தவன், ஓடியவன், கையாட்டிக் கதைத்தவன் ஒருவனும் படத்தில் இருக்கமாட்டான். அசையாமல் இருந்தது மட்டும்தான் விழும். நுவரெலியா வாவிக் கரை, காலிக் கோட்டை, யாழ்ப்பாணத்துப் பஸ் நிலையம் எல்லாம் மாமாவின் படத்தில் ஊரே குடிபெயர்ந்து போனது மாதிரிக் கிடக்கும்.

இந்தப் படங்கள் எல்லாம் ட்ரிப் போன இடத்தில் எடுத்தவை. ட்ரிப் என்றால் மாமாவின் வேனில் எங்கள் சொந்தம் முழுக்க ஏறும். கூடவே சோற்றுப் பானை, தட்டிப் பாட ரபான், பாய், இரண்டு கைக்குழந்தை. இத்தனையையும் கட்டி மேய்க்கிறது றைஸா மாமி, ஜௌபர் மாமாவின் மனைவி. மாமி ஓரிடத்தில் நின்றதை யாரும் கண்டதில்லை. ஒரு கையால் சோறு பகிர்வார், மறுகையால் பிள்ளைக்கு மூக்குத் துடைப்பார், வாயால் என்னை ஏசுவார். மூன்றும் ஒரே நேரத்தில்.

திருகோணமலைக் கோட்டைக்குப் போய் வந்த பிறகு மாமா கம்பியூட்டரில் படம் காட்டினார். பெரிய மரம். வெறும் நிலம். மாமி கிட்ட வந்து பார்த்தார்.

“நான் எங்க?”

“இந்த மரத்தடியிலதான் நீ சோறு போட்டுக்கொண்டு நிண்ட.”

“காணல்லயே?”

“அசைஞ்சா விழாது றைஸா.”

மாமி இன்னும் கிட்ட வந்தார். மரத்தடியில் ஒரு புள்ளிமான் கால் மடித்துப் படுத்திருந்தது. தெளிவாக, மீசை மயிர் தெரிய.

“மான் இரிக்கு” என்றார் மாமி. “நான் இல்ல.”

“அது படுத்துக் கிடந்திச்சு, அதான்...”

“எங்கட சோத்துல பாதியத் திண்டுபோட்டுத்தான் படுத்துக் கிடந்திச்சு! தின்ன வந்தது படத்துல இரிக்கு. ஆக்கினவள் இல்ல. நல்லாயிரிக்கு ஒங்கட கேமரா!”

நாங்கள் சிரித்தோம். மாமி சிரிக்கவில்லை. புத்தளம் டவுனில் இருக்கிற மாமியின் தங்கச்சி, “ட்ரிப் போன எண்டு சொல்ற, படத்தக் காட்டு” என்று கேட்டாளாம். மாமி காட்டினாராம். “இது கலண்டர்ல இருக்கிற படம்” என்று தங்கச்சி சிரித்தாளாம். நாடு முழுக்கச் சுற்றியும், போனதற்கு ஓர் அத்தாட்சி மாமியிடம் இல்லை.

“கேளுங்க” என்றார் மாமி. “ஹஜ்ஜுப் பெருநாளைக்கு முந்தி இந்தப் பொட்டிக்குள்ள என்ட மூஞ்சி விழணும். விழாட்டி நீர்கொழும்பு ஆளுக்கு வித்துப்போடுறது.”

நீர்கொழும்பு ஆள் என்பது ஒரு கல்யாணப் படக்காரர். கேமராவைக் கேட்டுக் கிழமைக்கு ஒருமுறை ஃபோன் எடுப்பார். மாமா “விக்கிறதுக்கில்ல” என்று சொல்லி வந்தார். மாமி விற்பதென்று முடிவெடுத்தால் மாமாவால் நிறுத்த முடியாது. முதல் வேனை விற்கச் சம்மதித்ததும் மாமிதான்.

மாமா முயலாமல் இல்லை. “முதல்ல இடத்த எடுப்பம், பிறகு ஒன்ன எடுக்கிறன்” என்று தொடங்குவார். இடத்தை எடுத்து முடிக்கும்போது வெளிச்சம் போயிருக்கும். மாமியும் போயிருப்பார், அடுப்படிக்கு.

பெருநாள் நெருங்கிய நேரத்தில்தான் கண்டக்குழி யாகப்பு அண்ணன் வந்தார். அவருடைய தகப்பன் காலத்தில் வலை இழுத்த குடும்பம். இப்போது கடற்கரையில் லொட்ஜ் நடத்துகிறார். காற்றுக் காலத்தில் வெள்ளைக்காரர்கள் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்க வருவார்கள்.

“ஜௌபர், சாப்பாட்டு அறைச் சுவர் வெறுமையாக் கிடக்கு. எங்கட கடற்கரைய சுவர் அளவுக்கு ஒரு படம் எடுத்துத் தா. ஆனா ஒரு ஆளும் இருக்கக் கூடாது. ஆள் இல்லாத இடம் தேடித்தான் அவங்கள் வாறவங்கள்.”

மாமாவின் முகம் பெருநாள் பிறை கண்ட மாதிரி ஆனது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் மாமாவிடம் ஆளில்லாத படம் கேட்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் கண்டக்குழிக்குப் போனோம். மாமி வந்தால் பானையும் வரும். கரையோரம், ஒதுக்கி விட்டிருந்த பழைய படகுக்குப் பக்கத்தில் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினார். மாமா எதிர்ப்பக்கத்தில், எங்களுக்கு நெடுந்தூரத்தில், முக்காலியை ஊன்றினார். கடற்கரையில் ஆளுக்குக் குறைவில்லை: வலை இழுக்கிறவர்கள், பட்டக்காரர்கள், பந்தடிக்கிற பொடியன்கள். மாமா கவலைப்பட்டது ஒரு கழுதையைப் பற்றி மட்டும்தான். எங்கள் ஊர்க் கழுதை நின்றால் நின்றதுதான், தேத்தண்ணி ஐஸ் ஆனாலும் அசையாது. “அதத் தூரத்துல விடுடா!” என்று கத்தினார். நான் கழுதையோடு மல்லுக்கட்டித் தென்னந்தோப்புக்குள் தள்ளிவிட்டு வந்தேன். மாமி அசையாமல் நின்றுவிடுவாரோ என்ற கவலை மாமாவுக்கு வரவே இல்லை. கல்யாணம் முடித்த நாளிலிருந்து அப்படி ஒன்று நடந்ததில்லையே.

மாமா துவாயைப் போர்த்தினார். பிறகு ஃபிளாஸ்க்கைத் திறந்தார். அதுதான் அடையாளம். கேமரா கண் திறந்துவிட்டது.

அப்போது மாமி அகப்பையை வைத்துவிட்டு எழும்பினார். படகுப் பக்கம் போனார். முதுகையும் பின்தலையையும் பலகையில் அழுத்திச் சாய்ந்துகொண்டு, கேமரா இருக்கிற திசையைப் பார்த்தார். நின்றார்.

“மாமி, என்ன நடக்குது?”

உதடு அசையாமல் பதில் வந்தது. “மான் மாதிரி நிக்கிறன். போடா.”

எனக்கு விளங்கிவிட்டது. மற்றவர்களுக்கு விளங்கவில்லை. மகள் ருஷ்தா, “உம்மா, கண்ணுக்குள்ள மண் போயிட்டு!” என்று அழுதுகொண்டு ஓடிவந்தாள். மாமியின் கை துடித்ததை நான் கண்டேன், ஆனால் எழவில்லை. நான் ருஷ்தாவைத் தூக்கிக் கண்ணில் ஊதினேன். “றைஸா, சோறு அடிப்பிடிக்குது!” என்று யாரோ கத்தினார்கள். மாமியின் மூக்கு மட்டும் சோற்றுப் பக்கம் போகப் பார்த்தது. தலை போகவில்லை. ஒரு பட்டம் சடசடவென்று படகுக்குப் பக்கத்தில் விழுந்தது. கண்ணைக்கூட மூடவில்லை. காற்றில் ஷோல் பறந்தது, மணல் பறந்தது, மாமி மட்டும் படகின் ஒரு பலகை மாதிரி நின்றார்.

பானையை நான்தான் இறக்கினேன். துணி தேட நேரமில்லை. கை சுட்டது என்று இங்கே எழுதுவதற்குக் காரணம் ஒன்றும் இல்லை, சும்மா எழுதுகிறேன்.

மாமா தேத்தண்ணியை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார். கண் மூடியாயிற்று. மாமி மூச்சை விட்டுவிட்டு, அபாயாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மணலில் மாமாவிடம் ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். கேமராவின் சின்னத் திரையில் கடல் பால் ஊற்றினது மாதிரிக் கிடந்தது. கரை துடைத்து வைத்த மாதிரி.

“எப்படி வந்திரிக்கு?” என்றார் மாமி.

“சுத்தம்! ஒரு ஈ கூட இல்ல!” என்றார் மாமா.

நான் வாயைத் திறந்தேன். மாமி என் காலை மிதித்தார். மாமா தானாகக் காண வேண்டுமாம். அன்று அடிப்பிடித்த சோற்றை எல்லாரும் சாப்பிட்டோம். திரும்பி வரும்போது மாமியே நீர்கொழும்பு ஆளின் நம்பரைக் கேட்டு வாங்கித் தன் ஃபோனில் பதிந்துகொண்டார்.

மறுநாள் காலை மாமா படத்தைத் துப்புரவாக்க உட்கார்ந்தார். கேமராவுக்குள் தூசி இருந்தால் படத்தில் புள்ளி விழும். அதை ஒவ்வொன்றாகத் தேடி அழிக்க வேண்டும். எனக்குக் கண் நல்லது என்று என்னையும் பக்கத்தில் வைத்துக்கொள்வார். வானத்தில் ஒரு புள்ளி, அழித்தார். கடலில் ஒன்று, அழித்தார். அடுப்படியில் மாமி சட்டி கழுவுகிற சத்தம் வழக்கத்தைவிடப் பலமாகக் கேட்டது.

“படகுல ஒரு தூசி” என்றார் மாமா. மவுஸை அதன் மேல் கொண்டுபோனார்.

“பெரிசாக்கிப் பாருங்க மாமா” என்றேன்.

“தூசியப் பெரிசாக்கி என்னத்துக்குடா?”

“சும்மா.”

பெரிதாக்கினார். தூசிக்குக் கால் வந்தது. இன்னும் பெரிதாக்கினார். ஷோல் வந்தது, புகை மாதிரிப் பக்கவாட்டில் கரைந்து. இன்னும். நெற்றி, மூக்கு, பல்லைக் கடித்துக்கொண்ட வாய். நெடுந்தூரத்திலிருந்து நேராக மாமாவைப் பார்க்கிற இரண்டு கண்.

மாமா மவுஸிலிருந்து கையை எடுத்தார், சுட்டது மாதிரி. கொஞ்ச நேரம் மாமாவும் திரையில் மாமியும் அப்படியே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அவ்வளவு நேரமும் நிண்டாளா?” என்றார்.

“ஓம் மாமா. சோறு வேற எப்படி அடிப்பிடிச்சது?”

“அழிக்கப் பார்த்தனேடா” என்றார். துவாயை எடுத்துத் தலையில் போர்த்திக்கொண்டார். கம்பியூட்டருக்கு அது தேவையே இல்லை.

பிறகு, “றைஸா!” என்று கூப்பிட்டார். சட்டிச் சத்தம் நின்றது. மாமி கைத்தண்ணீர் சொட்டச் சொட்ட வந்து, திரையை நிறைத்துக்கொண்டு நிற்கிற தன்னைப் பார்த்தார்.

“கொஞ்சம் மெலிஞ்சிரிக்கன்” என்றார்.

படம் சுவர் அளவுக்கு வந்தது. யாகப்பு அண்ணன் கிட்டப் போய், தூரப் போய்ப் பார்த்தார்.

“ஜௌபர், நான் ஆள் இல்லாத படமெல்லோ கேட்டனான்? இதில படகடியில ஒராள் நிக்குது.”

“அது ஆள் இல்ல அண்ணன்” என்றார் மாமா. “அது றைஸா.”

யாகப்பு அண்ணன் மாமாவைப் பார்த்தார், மாமியைப் பார்த்தார், ஆணியை அடித்தார்.

தங்கச்சியை டவுனிலிருந்து மாமியே வேன் அனுப்பி லொட்ஜுக்குக் கூட்டிவந்து காட்டினார். அடுப்புப் பக்கமும் பெரிதாகத் தெரிந்தது. பானை பாதி நேரம் கல்லின் மேலும் பாதி நேரம் மணலிலும் இருந்ததால், இரண்டு இடத்திலும் கண்ணாடி மாதிரித் தெரிந்தது. அதைத் தூக்கி வைத்த ஆளை மட்டும் காணவில்லை. பானை இருக்கு, நான் இல்லை. பரவாயில்லை.

பெருநாளுக்கு முதல்நாள் நீர்கொழும்பு ஆள் ஃபோன் எடுத்தார். மாமிதான் கதைத்தார்.

“கேமரா விக்கிறல்ல” என்றார். “இன்னொரு வேன் இரிக்கு. வேணுமெண்டா அதக் கேளுங்க.”