கேழ்வரகு அளவு செவ்வாய்

இடஒதுக்கீடு கேட்டுச் சாலைகளில் மரங்களை வெட்டிப் போட்ட காலம் அது. நான் தியாகதுருகம் பக்கத்தில் ஒரு பள்ளியில் அறிவியல் டீச்சர். வயது இருபத்தாறு. ஜாதகத்தில் எட்டாமிடத்தில் செவ்வாய். செவ்வாய் என்பது துருப்பிடித்த மண்ணும் கடுங்குளிரும் உள்ள ஒரு கோள் என்று வகுப்பில் பாடம் நடத்துவேன். வீட்டிலோ அதே செவ்வாயைக் காட்டி அப்பா மூன்று வரன்களைத் திருப்பி அனுப்பியிருந்தார். நான்காவதாக வந்தவருக்கு மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் வேலை. அவர்கள் வீட்டில் ஜாதகமே கேட்கவில்லை. எனக்கும் அவரை ரொம்பப் பிடித்துவிட்டது. அப்பாதான் செவ்வாயை விட்டு இறங்கி வரவில்லை.

பள்ளிக் கண்காட்சிக்கு அப்பாவை வரவழைத்துச் சூரியக் குடும்பத்தைக் கண்ணால் காட்டிவிட்டால் மனம் மாறிவிடுவார் என்று நம்பினேன். போர்டு எழுதும் பெயிண்டரிடம் ஒன்பது கோள் செய்யச் சொல்லியிருந்தேன். கண்காட்சியன்று காலை அவர் கூடையை இறக்கினார். உள்ளே சூரியன், சந்திரன், ராகு, கேது சகிதமாக நவக்கிரகம். எல்லா உருண்டையும் ஒரே அளவு.

"பூமி எங்கே?"

"அதும்மேலதான டீச்சர் நின்னுக்கினு கீறோம்?"

"கோள்களிலேயே வியாழன்தானே பெரிசு?"

"ஒன்னு பெருசு, ஒன்னு சின்னதுன்னு பண்ணா வம்பு டீச்சர். அதுக்குத்தான ரோட்ல மரம் வுழுந்து கெடக்குது?"

நேரே மளிகைக் கடைக்கு ஓடினேன்.

பள்ளி வாசலில் பெரிய பரங்கிக்காய் ஒன்றை வைத்தேன். அது சூரியன். அந்தக் கணக்குக்குப் புதன் ஒரு கசகசா. வெள்ளியும் பூமியும் ஆளுக்கொரு கடுகு. செவ்வாய் ஒரு கேழ்வரகு. அதற்கப்பால் குறுங்கோள்களுக்காக ஒரு சிட்டிகை ரவை தூவினேன். வியாழன் நெல்லிக்காய், சனி அதைவிடக் கொஞ்சம் சின்ன நெல்லிக்காய், காகித வளையத்தோடு. யுரேனஸ் கொண்டைக்கடலை, நெப்டியூன் பட்டாணி, புளூட்டோ ஒரு துளி உப்புத்தூள். வால்நட்சத்திரத்துக்குக் கடையில் ஒன்றும் கிடைக்கவில்லை.

இவற்றை எந்த அறையிலும் அடக்க முடியாது. பூமிக்கே இருபத்து நான்கு மீட்டர் வேண்டும், நெப்டியூனுக்கு எழுநூறு. ஆனால் வாசலில் மெயின்ரோடு வண்டி வாசனையே இல்லாமல் கிடந்தது. வெள்ளைக் காகிதங்களில் கோள்களை வைத்துக்கொண்டே போனேன். விழுந்து கிடந்த புளியமரத்தருகே நெப்டியூன் வந்தது. அங்கே காவலுக்கு உட்கார்ந்திருந்த போராட்டக்காரர்களிடம் பட்டாணியைக் கொடுத்துப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன்.

"எங்க பங்கு இவ்ளோதானா டீச்சர்?" என்று ஒருவர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள்.

பஸ் இல்லாததால் அப்பா வயல் வழியாக நடந்தே வந்தார். பரங்கிக்காயைச் சூரியன் என்றதும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். முப்பத்தாறாவது மீட்டரில் குந்தி உட்கார்ந்தார்.

"செவ்வா இதுவாம்மா? இத்துனூண்டா?"

"ஆமாம்ப்பா."

திரும்பிப் பூமிக் கடுகு இருந்த காகிதத்தைப் பார்த்தார். "நாம அதுலயா கீறோம்?"

"அதுலதான். நம்ம மூங்கில்துறைப்பட்டும் அதுலதான்."

அப்பா கேழ்வரகை இன்னும் குனிந்து பார்த்தார். மனசு இளகுகிறது என்று எனக்குத் தெரிந்தது. அந்த நேரம் பார்த்து வேலியோரம் இருந்து ஒரு கோழி வந்தது. காகிதத்தை ஒரு கொத்துக் கொத்திவிட்டு ரவையை நோக்கி நடந்தது. காகிதம் காலி.

அப்பா எழுந்து நின்றார். முகமெல்லாம் பிரகாசம்.

"பாத்தியாம்மா? கோழியே வந்து கழிச்சிட்டுப் போய்ட்டுது. இனிமே இன்னா தோஷம்? மில்லுக்காரங்களுக்கு இன்னைக்கே சொல்லி அனுப்பறேன்."

எனக்கு ஆத்திரமாக வந்தது. இவ்வளவு தூரம் அளந்து வைத்த அறிவியல் செய்யாததை ஒரு கோழி செய்வதா? தோஷம் என்று ஒன்று கிடையவே கிடையாது என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

அப்பா ஆவலாக என் முகத்தைப் பார்த்தார். காற்றில் பறந்தால் மாற்றி வைக்கலாம் என்று என் கையில் இன்னொரு கேழ்வரகு வைத்திருந்தேன். அதைத் திறந்த வாயில் போட்டு மென்று விழுங்கினேன்.