டெஸ்டுக்கு அடித்த பச்சை

என் வீட்டுக்காரர் கையில் பெயிண்ட் பிரஷ் கிடைத்துவிட்டால் எதுவும் தப்பாது. கேட்டுக்கு அடிக்கப் போனவர் தாழ்ப்பாளையும் சேர்த்து அடித்து, அது இறுகிக்கொண்டு, நாங்கள் வேலிச் சந்தில் நுழைந்து போய்வந்திருக்கிறோம். மோட்டார் ரூம் பூட்டில் சாவி போகும் துளை வரைக்கும் நீலம்தான்.

மலையாள எல்லையோரம் இருக்கும் எங்கள் பக்கம், சரக்கு வண்டியை ஓடத் தகுதி பார்க்கும் அரசாங்க டெஸ்டுக்குக் கொண்டுபோகும் முன் பெயிண்ட் அடிப்பது வழக்கம். உள்ளே எப்படி இருந்தாலும் வெளியே பளபளப்பாக இருந்தால் பாஸாகிவிடும் என்று எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை. மற்றவர்கள் ஒர்க்‌ஷாப்பில் விடுவார்கள். எங்கள் பழைய பிக்கப்புக்கு இவரே அடித்தார். கஞ்சிக்கோட்டுக் கம்பெனியில் ஷிப்ட் முடிந்து வந்ததும் நேராக வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வார். நட்டு, போல்ட்டுகளைக் கழற்றித் துடைத்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பச்சை அடித்து, காயவைத்து மறுபடி மாட்டினார். சும்மா சொல்லக் கூடாது, வண்டி புதிது மாதிரிதான் இருந்தது.

பொழுது சாயும் நேரத்தில் லைட்டைப் போட்டுப் பார்த்தோம். நான் ஓட்டும் சீட்டில் இருந்தேன், அவர் பின்னால் நின்றார். பிரேக்கை மிதித்தால் எரிந்துகொண்டிருந்த பின்விளக்கு அணைந்துபோய், சம்பந்தமே இல்லாமல் மஞ்சள் இண்டிகேட்டர் மங்கலாக எரிகிறது. இடது இண்டிகேட்டரைப் போட்டால் வலதும் சேர்ந்து கண்ணடிக்கிறது. நான் எதையோ தப்பாக அமுக்குவதாகப் பின்னாலிருந்து சொன்னார். எனக்குச் சுர்ரென்று வந்தது. பிரேக் மிதிக்கத் தெரியாமலா இத்தனை காலம் வேலந்தாவளம் சந்தைக்குத் தக்காளி கொண்டுபோனேன்?

ஆமாம், அந்த வண்டியை ஓட்டுவது நான்தான். காயைப் பறித்துக் கூடையில் நிரப்பிவிட்டு, யார் வண்டியில் இடம் இருக்கும் என்று ரோட்டோரம் காத்து நின்ற காலம் எனக்கு மறக்கவில்லை. இடம் கிடைக்காத நாளில் தக்காளி வெயிலில் கிடந்து நசுங்கும், நானும் உள்ளுக்குள் நசுங்குவேன். பிள்ளைகள் வளர்ந்த பிறகு லைசென்ஸ் எடுத்தேன். அதற்குப் பிறகு ஒருவரையும் கெஞ்சி நிற்கவில்லை.

கஞ்சிக்கோட்டில் ஒரு எலக்ட்ரீஷியனிடம் காட்டினோம். பல்பை மாற்றினார், ஃபியூஸை மாற்றினார், பல்பு ஹோல்டரையும் மாற்றினார். வண்டி தன் சேட்டையை மாற்றவில்லை. வயரிங் முழுவதையும் பிரித்துப் போட வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். இதற்கிடையே பழைய வண்டி வாங்கி விற்கும் கொழிஞ்சாம்பாறைக்காரர் ஒருவர் விடாமல் போன் செய்துகொண்டிருந்தார். இவருக்கும் அலுத்துவிட்டது.

"டெஸ்ட்டு பாஸாகலீன்னா குடுத்துப் போடலாம் புள்ள. இனி இதோட யாரு மல்லுக்கட்டறது?" என்றார்.

பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாகக் கழுவினேன். உண்மையில் எனக்குப் பயமாக இருந்தது.

அந்த வாரம்தான் போர்வெல் மோட்டாருக்கு இரும்புக் குழாய்கள் வாங்கப் போனோம். நீளமான குழாய்கள். முன்முனை வண்டித் தலைமேல் இருக்கும் கேரியரில் கிடக்க, பின்முனை பாடியைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தது. சிவப்புத் துணி கட்டி, நான் ஓட்டி வந்தேன். அவர் பைக்கில் பின்னாலேயே வந்தார். வீடு சேர்ந்ததும் அவர் முகத்தில் ஒரு குழப்பம். வழியெல்லாம் பிரேக் லைட்டும் இண்டிகேட்டரும் ஒழுங்காக எரிந்தனவாம்.

குழாய்களை இறக்கிவிட்டுப் பார்த்தோம். மறுபடி அதே சேட்டை.

லோடு இருந்தால்தான் இந்த வண்டிக்குப் புத்தி வருகிறது, டெஸ்டுக்கும் குழாயோடு போய்விடலாம் என்றார். நான் சிரித்த சிரிப்பில் அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. எழுந்து போய் பிரஷ்ஷை எடுத்து வந்தார். குழாய் உராய்ந்து கேரியரிலும் பின்பாடி விளிம்பிலும் பச்சை உரிந்து இரும்பு தெரிந்தது. அது அவர் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. அந்த உரிந்த இடத்தைப் பார்த்ததும் எனக்கு ஏதோ தட்டியது.

"ஏனுங்க, அதத் தொடாதீங்க. ஒரே ஒரு கொழாய மறுக்கா மேல வெய்யிங்க."

முணுமுணுத்துக்கொண்டே வைத்தார். லைட் சரியாக எரிந்தது. கேரியருக்கும் குழாய்க்கும் நடுவில் ஒரு சாக்கை மடித்து வைத்தேன். சேட்டை திரும்பியது. சாக்கை உருவினேன், சரியானது. இரும்பும் இரும்பும் தொட்டால் எரிகிறது, தொடாவிட்டால் இல்லை. லோடுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

பேட்டரியிலிருந்து கரண்ட் வயர் வழியாகப் பல்புக்குப் போகும். திரும்பி வருவதற்கு வண்டியின் இரும்புதான் பாதை. அதைத்தான் எர்த் என்கிறோம். சரக்கு ஏற்றும் பின்பாடி ரப்பர் கட்டைகள்மேல் உட்கார்ந்திருக்கிறது. அதற்குத் திரும்பும் பாதை அடைத்திருந்தால், பிரேக்கின் கரண்ட் வேறு பல்புகளுக்குள் புகுந்து வழி தேடும். அதனால்தான் சம்பந்தமில்லாத விளக்கெல்லாம் மினுக்கின. குழாய் ஏற்றியபோது, அதுவே பின்பாடிக்கும் முன்பக்கத்துக்கும் பாலமாகியிருக்கிறது.

டார்ச்சோடு அடியில் நுழைந்தேன். பாடியையும் அடியிலிருக்கும் சேஸிஸ் சட்டத்தையும் சேர்க்கும் எர்த் பட்டை அங்கேதான் இருந்தது. அது அறுந்துபோகவில்லை. அழகாக, இருபுறமும், போல்ட்டோடு சேர்த்துப் பச்சை நிறத்தில் இருந்தது. பாடியைப் பிடித்திருந்த மற்ற போல்ட்டுகளும் அப்படித்தான். பெயிண்டைத் தாண்டிக் கரண்ட் எப்படிப் போகும்? படுத்த வாக்கில் நான் சிரித்ததில் வயிறு வலித்தது. அவரும் குனிந்து பார்த்தார்.

"துருப் புடிக்கக் கூடாதுன்னு அதுக்கு மட்டும் ரெண்டு கோட்டு அடிச்சேன்," என்றார், பாவம்.

பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, பட்டையை எடுத்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். பட்டை உட்காரும் இடத்திலும் இரும்பு வெளுக்கும்வரை தேய்த்தேன். ஒவ்வொரு தேய்ப்புக்கும் அவர் முகம் சுருங்கியது, ஏதோ அவர் தோலைத் தேய்க்கிற மாதிரி. மறுபடி மாட்டி முறுக்கி, துருப்பிடிக்காமல் மேலே கிரீஸ் தடவினேன். பிரேக்கை மிதித்தால் சிவப்பு மட்டும். இடது போட்டால் இடது மட்டும். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கிரீஸ் பட்டதாகச் சொல்லித் துடைத்துக்கொண்டேன்.

டெஸ்டுக்கு இருவரும் போனோம். அன்று அவரே ஓட்டினார். இன்ஸ்பெக்டர் பின்னால் நின்றுகொண்டு மலையாளத்தில் பிரேக், இடது, வலது என்று ஒவ்வொன்றாகப் போடச் சொன்னார். எல்லாம் சொன்னபடி எரிந்தன. வண்டி பாஸ். பெயிண்டை மட்டும் மனிதர் ஏறிட்டும் பார்க்கவில்லை. "அத்தன தூரம் அடிச்சேன், ஒரு வார்த்தை சொன்னாரா?" என்று இவர் கேட் தாண்டும்வரை புலம்பினார்.

ரோட்டுக்கு வந்ததும் வண்டியை ஓரம் கட்டி இறங்கினார். சுற்றி வந்து என் பக்கக் கதவைத் திறந்து, சாவியை என் மடியில் போட்டார். நான் இடம் மாறி உட்கார்ந்து வண்டியை எடுத்தேன். கொஞ்ச தூரம் போவதற்குள் அவர் போன் அடித்தது. கொழிஞ்சாம்பாறைக்காரர்தான். டெஸ்ட் என்ன ஆனது என்று அவர் கேட்டது எனக்கே கேட்டது. ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"பாஸாயிருச்சுங்க," என்றார் என் வீட்டுக்காரர். "பாஸாகாட்டியும் குடுத்திருக்க மாட்டேனுங்க. இது என்ற ஊட்டுக்காரி ஓட்டற வண்டிங்க."

முன்னால் ரோட்டில் ஆளே இல்லை. நான் ஹாரனை நீளமாக ஒருமுறை அடித்தேன்.