என் கடைச் சாத்துக்குடித் தோல் போய்ச் சேர்ந்த இடம்

ஓமலூரில் ஜூஸ் கடை வைத்திருக்கிறேன். கோடையில் சாத்துக்குடித் தோல் மட்டும் தினம் இரண்டு சாக்கு சேரும். திருச்செங்கோட்டுப் பக்கம் சாயப்பட்டறை நடத்தும் செல்வராஜ் நான்கு மாதமாக அதை அள்ளிப் போகிறார். சாயத் தண்ணீரைத் தெளிய வைக்கவாம். எனக்கு நம்பிக்கை வரவில்லை. போன ஞாயிறு கடையைச் சாத்திவிட்டு நேரில் பார்க்கக் கிளம்பினேன்.

காலை 6.40க்கு பஸ். சேலத்தில் மாறி, 9.10க்குத் திருச்செங்கோடு. இரண்டு டிக்கெட்டும் சேர்ந்து அறுபது ரூபாய். அங்கிருந்து ஆறு கிலோமீட்டருக்கு ஆட்டோக்காரர் இருநூறு கேட்டார். "பட்டறைப் பக்கம் ரிட்டன் சவாரி கெடைக்காதுங்க" என்றார். நியாயமாகப் பட்டதால் பேரம் பேசவில்லை.

பட்டறை வாசலில் என் கடைத் தோல் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை ரவை பதத்துக்கு அரைத்து, கழுவி, கழிவுத் தொட்டியில் கொட்டிக் கலக்குகிறார்கள். சாயம் தோலில் ஒட்டிக்கொள்கிறது.

"மொதல்ல ஏமாந்துட்டனுங்க" என்று சிரித்தார் செல்வராஜ். "நூல்ல கலர் ஏற உப்பும் சலவைச் சோடாவும் போடுவோமில்லீங்களா, அதே பழக்கத்துல இதுலயும் சோடாவ ஒரு கை அள்ளிப் போட்டேன். ஒட்டுன கலரும் கழண்டு வந்துருச்சு. சோடாவோட காரத்தை ஆசிட் ஊத்தித் தணிச்சாத்தான் தோலு புடிக்குதுங்க."

இத்தனை மாதச் சோதனைக்குப் பிறகு, தெளிந்த முதல் தொட்டியை அன்றுதான் திறந்துவிடுவதாக இருந்தார். தண்ணீர் பக்கத்துக் காட்டில் விவசாயம் செய்யும் பாவாயி அக்காவின் வாய்க்காலில்தான் ஓடும். அவருடைய இரண்டு மாடுகளும் அங்கேதான் குடிக்கும். இனியும் சிவப்புத் தண்ணீர் வந்தால் வாய்க்காலை அடைத்துவிடுவேன் என்று சொல்லியிருந்தாராம். அடைத்தால் பட்டறையை மூட வேண்டியதுதான்.

தொட்டித் தண்ணீர் நன்றாகத் தெளிந்திருந்தது. நான் கைதட்டி போட்டோவும் எடுத்தேன். பாவாயி அக்கா வந்து குனிந்து பார்த்தார்.

"கலரு போயிருச்சு சாமி. உப்பு?"

"அது போகாதுங்க அக்கா."

"செவப்பா வந்தப்ப பாத்ததும் மாட்டை இழுத்துக் கட்டிருவேன். இனி எதைப் பாத்துக் கட்டறது?"

செல்வராஜ் வால்விலிருந்து கையை எடுத்தார். "அடுத்த சாயத்துக்கு எப்படியும் உப்பு போடத்தான் போறேன். இந்தத் தண்ணியவே ஊத்திக்கறனுங்க" என்று மோட்டார் குழாயைச் சாயம் போடும் தொட்டிக்கு மாற்றிப் போட்டார். வாய்க்காலுக்கு ஒரு சொட்டும் போகவில்லை.

போக நினைப்பவர்கள் பதினொரு மணிக்குள் போய்விடுங்கள். வெள்ளைச் சட்டை வேண்டாம். குடிக்கத் தண்ணீர் கையோடு கொண்டுபோங்கள். ஜூஸ் கடைக்காரர்கள் ஸ்ட்ராவைப் பொறுக்கிவிட்டுத் தோலைக் கொடுங்கள். தெளிந்த தண்ணீரைக் காட்டினால், அது எங்கே போகிறது, யார் குடிக்கிறார்கள் என்று கேளுங்கள். அவ்வளவு தூரம் போயும் நான் அதைக் கேட்கவில்லை. நினைத்தால் இன்னும் வெட்கமாக இருக்கிறது.