ஜேசனுக்கு மாற்றிய குறிப்புகள்

போடியிலிருந்து தினமும் காலையில் ஏலத்தோட்டங்களுக்குப் பெண்களை ஏற்றிப் போகும் ஜீப்புகளுக்கு ஓர் ஆள் பதிவு உண்டு. அதற்கு மென்பொருள் எழுதியவன் நான். பெயர், ஊர், தோட்டம், கடைசியில் ‘குறிப்பு’ என்று ஒரு கட்டம். மலைமேல் தோட்டத்தில் வேலை வாங்கும் கங்காணியின் போனிலும் அது தெரியும். முதல் ஆளாக என் அக்காவைத்தான் பதிந்தேன். குறிப்பை நானே தட்டினேன்: குளவி கொட்டினால் மூச்சு அடைத்துவிடும், உடனே கீழே கொண்டுவரவும்.

ஆட்கள் பெருகப் பெருக அந்தக் கட்டம் குப்பையானது. ஒருத்திக்குச் சர்க்கரை, ஒருத்திக்குக் கைக்குழந்தை, இன்னொருத்தி சிலமலையில் இறங்க வேண்டும். ஆளுக்கொரு தகவலை ஒழுங்காக வைக்க டேட்டாபேஸில் ஜேசன் வகையைச் சேர்க்கலாம் என்றேன்.

“ஜேசனா? அது எந்த எஸ்டேட்டுக்காரரு?” என்றார் ஜீப்பு முதலாளி.

“ஆள் இல்லண்ணே. தலைப்புப் போட்டுத் தகவலப் பிரிச்சு வைக்கிற ஒரு முறை.”

“என்ன எழவோ. ஞாயித்துக்கெழம ஜீப்பு ஓடாது. அன்னைக்கே வெரசா முடிச்சிரு அப்பு.”

அரை மணி நேரச் சோலி என்றுதான் உட்கார்ந்தேன். ‘சர்க்கரை: உண்டு’ என்பதுபோல் இருந்த குறிப்புகள் சட்டென்று மாறின. முழு வாக்கியங்களாக இருந்தவை மாறாமல் முரண்டு பிடித்தன. எரிச்சலில், மாறாததைக் காலியாக விட்டுவிடு என்று நிரலில் ஒரு வரி சேர்த்தேன். அதன்பின் ஒரு பிழையும் வரவில்லை. ஒரு பேக்கப் எடுத்துவைத்துவிட்டுப் பழைய கட்டத்தை நீக்கினேன். விட்டுப்போனதைப் பிறகு கையால் சேர்த்துக்கொள்ளலாம் என்று டீ குடிக்கப் போனேன். போனவன் அதை மறந்தே போனேன்.

புதன்கிழமை அக்காவை ஒரு புதுத் தோட்டத்துக்கு அனுப்பினார்கள். காய் எடுக்கும்போது ஏலச்செடியின் தூருக்குள்ளிருந்து குளவி கிளம்பிக் கொட்டியது. அவளால் பேச முடியவில்லை. அந்தத் தோட்டத்துக் கங்காணி போனைப் பார்த்தார். எல்லாருக்கும் செய்வதுபோல் வெற்றிலைச் சுண்ணாம்பைத் தடவி, நிழலில் உட்கார வைத்தார். ஜீப்பை அழைத்தபோது நேரம் கடந்திருந்தது. அடிவாரத்துக் குரங்கணி வருவதற்குள் முடிந்துவிட்டது.

“போன்ல பாத்தேன் தம்பி. ஒண்ணுமே இல்ல,” என்று கங்காணி சுடுகாட்டில் அழுதார். நான் தலையாட்டினேன். எனக்கு அழுகை வரவில்லை. பதினாறு நாளும் வரவில்லை. பந்தலில் வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டேன், சோறு பரிமாறினேன், சாப்பிடவும் செய்தேன்.

காரியம் முடிந்த மறுநாள் பேக்கப்பைத் திறந்து, விடுபட்ட குறிப்புகளை ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். அக்காவுடையதும் வந்தது. ‘குளவி’ என்று தலைப்பிட்டு, சரியான வடிவத்தில் எழுதிச் சேமித்தேன். டேட்டாபேஸ் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது.

மத்தியானம் கங்காணி போன் செய்தார்.

“தம்பி, அக்கா பேருக்கு நேரா குளவின்னு போட்டிருக்கே. இப்பத்தான் பாக்குறேன். அன்னைக்கு நாந்தான் சரியாப் பாக்காம விட்டுட்டனா?”

உண்மையைச் சொல்ல வாய் திறந்தேன்.

“அங்க டவர் சரியாக் கெடைக்காதுல்லண்ணே,” என்றேன்.